துணி போர்த்திய சிறு விமானத்தில் தரைப் பலகை மாற்றுதல்: நீலகிரியில் வேலை பார்ப்பவர்களுக்கு

துணி போர்த்திய பழைய இரட்டை இருக்கை விமானத்தில் காலடிப் பலகை மாற்றுவது, கேட்பதற்கு அரை நாள் தச்சு வேலை மாதிரித் தெரியும். மரத்தைப் பொறுத்தவரை அது சரிதான்: 5 அல்லது 6 மில்லிமீட்டர் பிளைவுட், ஓரத்தில் சில வளைவுகள், இருபது முப்பது ஸ்க்ரூ. ஆனால் அந்தப் பலகைக்கு அடியில் ரடர் (வால் சுக்கான்) கேபிள் ஓடுகிறது. கன்ட்ரோல் ஸ்டிக்கின் குழாய் திரும்புகிறது. சில வகைகளில் குதிகால் பிரேக்கின் சிலிண்டரும் அங்கேதான். அதற்கும் கீழே வயிற்றுத் துணி, அவ்வளவுதான். ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி மரத்தில் இல்லை. ஈரத்திலும், அடியில் அசையும் பாகங்களுக்கு விடும் இடைவெளியிலும் இருக்கிறது. புதிதாகக் கை வைப்பவர்கள் இந்த இரண்டையும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

இங்கே மனதில் வைத்திருப்பது பைப்பர் கப், புஷ்பக் வகை விமானங்களை. எச்.ஏ.எல். தயாரித்த புஷ்பக் 1958-இல் முதலில் பறந்தது. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, எஃகுக் குழாய்க் கூட்டின் மேல் துணி. நம் நாட்டு ஃப்ளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் இதில்தான் பறக்கக் கற்றார்கள். கப்பில் இருக்கைகள் முன்னும் பின்னுமாக இருக்கும். பலகையின் வடிவம் வகைக்கு வகை மாறும்; வேலை ஒன்றுதான்.

நீலகிரியில் ஓடுதளம் இல்லை. எனவே இங்கே இந்த வேலை இரண்டு விதமாகத்தான் நடக்கும். விமானம் கீழே சமவெளியில் ஹேங்கரில் நிற்கும், பழைய பலகையை அளவுக்குக் கொண்டுவந்து குன்னூரிலோ கோத்தகிரியிலோ உள்ள பட்டறையில் புதிது செய்வீர்கள். அல்லது இறக்கை கழற்றிய உடற்கூட்டை லாரியில் மேலே ஏற்றி, காட்சிக்கு வைக்கப் புதுப்பிப்பீர்கள். முதல் வகையானால் ஒரு விஷயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற, பறக்கும் விமானத்தில் எந்தப் பலகையையும் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்ககம்) உரிமம் பெற்ற ஏ.எம்.இ.யின், அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளரின், மேற்பார்வை இல்லாமல் கழற்றக்கூடாது. கை வேலை உங்களுடையது, கையெழுத்து அவருடையது. தயாரிப்பாளரின் கையேடும் பாகப் பட்டியலும் பலகையின் தடிமன், மரம், ஸ்க்ரூ அளவு ஆகியவற்றைச் சொன்னால் அதுதான் முடிவு. கீழே வரும் அளவுகள் கையேடு பேசாத இடத்துக்கு மட்டும். பிளைவுட்டுக்குப் பதில் அலுமினியம் போடலாமா என்று தோன்றினால், அது பழுதுபார்ப்பு இல்லை, மாற்றம். அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எந்த மாதத்தில் செய்வது

ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த மாதங்களில் அளவெடுக்கலாம், பழைய ஸ்க்ரூவைச் சுத்தம் செய்யலாம். வார்னிஷ் டப்பாவைத் திறக்க வேண்டாம். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரைதான் மலையில் மர வேலைக்கு உகந்த காலம்.

காரணம் எளிது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நின்றால் மரத்தின் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மூடுபனியில் 90 சதவீதத்திலேயே நாள் கணக்கில் இருந்தால் மரம் 18, 20 வரை குடித்துவிடும். அந்த ஈரத்தோடு வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே வெயிலில் நிற்கும் ஹேங்கருக்குப் பலகை போனதும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழி தேடும். பலகை முறுக்கிக்கொள்ளும், ஓரத்தில் வார்னிஷ் கொப்பளிக்கும், இறுக்கிய ஸ்க்ரூ தளரும்.

ஈரமானி இருந்தால் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே பூச்சு. ஈரமானி இல்லையா, பலகையில் வெட்டிய ஒரு துண்டைக் கிராம் தராசில் தினமும் நிறுத்து எழுதுங்கள். துண்டும் பலகையும் ஒரே அறையில், இரவில் ஹீட்டர் போட்டு மூடி வைத்த அறையில், இருக்க வேண்டும். மூன்று நாள் எடை மாறாவிட்டால் பலகை அந்த அறைக்கு ஒத்துவிட்டது என்று அர்த்தம். பலகைகளை இடையில் சட்டம் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் போட்டு உலர்த்தினால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும்.

கழற்றுதல்

பேட்டரி இணைப்பை எடுங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இருக்கை, பெல்ட், தரைவிரிப்பு எல்லாம் வெளியே. எடுத்துப் போன கருவிகளை எண்ணி ஒரு தாளில் எழுதிவிட்டு உள்ளே நுழையுங்கள். மூடும் முன் அதே தாளைப் பார்த்துத் திரும்ப எண்ண வேண்டும். படம் எடுப்பது நல்லது. அதைவிட நல்லது ஒவ்வொரு ஸ்க்ரூ இருந்த துளைக்கும் அட்டையில் எண் போட்டு அந்த ஸ்க்ரூவை அங்கேயே குத்தி வைப்பது. நீளம் மாறி மாறி இருக்கும். ஏன் அந்த இடத்தில் குட்டை ஸ்க்ரூ என்பது பிறகுதான் புரியும், அடியில் கேபிள் போகும்.

துருப்பிடித்த ஸ்க்ரூவுக்குத் துரு இளக்கும் எண்ணெயை ஸ்ப்ரே செய்யாதீர்கள். எண்ணெய் மரத்தில் ஊறும், துணியில் இறங்கும். எண்ணெய் பட்ட துணியில் பிறகு டோப்போ (துணியை இறுக்கும் பூச்சு) ஒட்டோ பிடிக்காது. ஊசி முனையில் ஒரு சொட்டு, ஒரு மணி நேரம் பொறுமை. அப்படியும் திரும்பாவிட்டால் தலையைத் துளைத்து எடுத்துவிடுங்கள், வேக்குவம் குழாயைப் பக்கத்திலேயே பிடித்தபடி. நெம்புகோல் வைத்துப் பலகையைத் தூக்கினால் குழாயோடு பிணைந்த கிளாம்ப் வளையும்.

இன்னொரு சிக்கல் பலரை நடுவழியில் நிறுத்தும். பல விமானங்களில் பலகையை வைத்த பிறகுதான் பெடலும் ஸ்டிக்கும் மாட்டியிருப்பார்கள். அதனால் பலகை முழுதாக வெளியே வராது. பெடலைக் கழற்றுவதா, பழைய பலகையை அறுத்து எடுப்பதா? அறுப்பது சுலபம், ஆனால் புதுப் பலகையையும் இரண்டாகத்தான் உள்ளே கொண்டுபோக முடியும். இரண்டாகப் பிரிப்பது வடிவமைப்பை மாற்றுவது. ஏ.எம்.இ. ஒப்புக்கொண்டால், இணைப்பு குறுக்குக் குழாய் ஒன்றின் மேலேயே வர வேண்டும். அந்தரத்தில் தொங்கும் இணைப்பு மிதிக்க மிதிக்க நெகிழ்ந்து ஸ்க்ரூவைத் தின்னும். பெடலைக் கழற்றினாலோ கன்ட்ரோலைத் தொட்டதாகிவிடும். மாட்டிய பின் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். எந்த வழி என்பதை ரம்பம் எடுக்கும் முன் முடிவு செய்யுங்கள்.

பலகை வெளியே வந்ததும்

மரத்தைத் தொடும் முன் ஒரு நாளைத் திறந்த அடிப்பகுதிக்கு ஒதுக்குங்கள். இத்தனை வசதியாக இந்த இடம் மறுபடி கண்ணில் படப் பல வருடங்கள் ஆகும்.

முதலில் குழாய்கள். இவற்றின் சுவர் பல இடங்களில் 0.9 மில்லிமீட்டர்தான். பலகையும் குழாயும் தொட்டிருந்த கோடு, கிளாம்ப் கடித்திருந்த வளையம், வால் பக்கம் தாழ்ந்த கீழ்க் குழாயின் கடைசி மூட்டு, இந்த மூன்று இடத்தில்தான் துரு உட்காரும். நைலான் தேய்ப்பானால் தேய்த்துப் பாருங்கள். எஃகுக் கம்பி வலை வேண்டாம், அதன் துகள் அங்கேயே கிடந்து புதுத் துருவாகும். மேலோட்டமான பழுப்பு போய் உலோகம் வழவழப்பாக வந்தால் எபாக்சி பிரைமர் போதும். விரல் நகம் மாட்டும் குழி தெரிந்தால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஏ.எம்.இ.யைக் கூப்பிடுங்கள். குழி மறையும் வரை தேய்ப்பது குழாயை மெலிய வைப்பது. பார்வைக்கு நன்றாகிவிடும், பலம் போயிருக்கும்.

அடுத்து கேபிள். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக் கேபிள் நெடுக இழுங்கள். இழை அறுந்திருந்தால் துணி சிக்கும். வெறுங்கையால் இழுத்தால் கை கிழியும். புல்லி கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் அது சுற்றவே இல்லை, கேபிள் அதன் மேல் வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிரேக் குழாயில் கசிவு, மின் கம்பி உரசிய இடம், இவற்றையும் இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுத் துணியின் தாழ்ந்த இடங்களில் வடிகால் துளைகள் இருக்கும். மண்ணும் பழைய வார்னிஷ் செதிலும் சேர்ந்து அடைத்திருக்கும். வேக்குவத்தால் உறிஞ்சுங்கள், குச்சி விட்டுக் குத்தாதீர்கள். துணியில் எதையும் ஊன்றக்கூடாது, முழங்கை உட்பட. ஒரு ஸ்க்ரூடிரைவர் கை தவறினால் துணியைத் துளைத்துத் தரையில் கிடக்கும், ஆகவே வேலை தொடங்கும் முன் அடியில் கெட்டியான பஞ்சு மெத்தைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். அசிட்டோன், எம்.இ.கே., தின்னர் எதுவும் டோப் அடித்த துணி மேல் சொட்டக்கூடாது. பூச்சு கரைந்து இளகும். துணியில் ஒட்டுப் போட வேண்டி வந்தால் மூடுபனி நாளில் டோப் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பூச்சு வெள்ளை பூத்துப்போகும். அந்த வெள்ளை வெறும் நிறக்கேடு இல்லை, பூச்சு பிடிக்கவில்லை என்பதன் அடையாளம்.

எந்தப் பலகை

விமானத் தரச் சான்றுள்ள பிர்ச் அல்லது மஹாகனி பிளைவுட் முதல் தேர்வு. பறக்கும் விமானத்துக்குச் சான்றிதழோடு வந்ததுதான் போட வேண்டும். காட்சிக்கு வைக்கும் கூட்டுக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போதும். கடையில் வெறுமனே பிளைவுட் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு அலமாரிக்கான எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்கும்) ரகம், அது வேண்டாம். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் பலகையும், பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவுட்டும் மலையில் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டும் எந்த விமானத்துக்கும் ஆகாது. பெட்டிப் பலகையின் பசை நீரில் நிற்பதற்காகச் செய்ததல்ல.

பசையைச் சோதிக்க ஒரு துண்டைக் கொதிநீரில் போடலாம். ஐ.எஸ். 710-க்கான சோதனை 72 மணி நேரக் கொதிப்பு. வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிட்டு, காய வைத்து, கத்தி முனையால் அடுக்கைப் பிரித்துப் பாருங்கள். மட்டமான பசை அதற்குள் விட்டுக்கொடுத்துவிடும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் நேரத்தைக் குறைக்க வேண்டாம். வெட்டிய விளிம்பில் நடு அடுக்கில் பொந்து தெரிந்தால் அந்தத் தகட்டைத் திருப்பிக் கொடுங்கள். பொந்தின் மேல் குதிகால் விழும் நாளில் பலகை உள்வாங்கும்.

கெட்டியாக இருக்கட்டும் என்று 9 மில்லிமீட்டர் போடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். 0.8 சதுர மீட்டர் தரைக்கு 6-க்குப் பதில் 9 போட்டால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடும். அதைவிட முக்கியம், மேற்பரப்பு 3 மில்லிமீட்டர் உயர்ந்து பெடலுக்கும் பலகைக்கும் இருந்த இடைவெளி குறையும். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்று வாங்கினால் வெட்டில் ஒரு தவறு நேர்ந்தாலும் மீதி இருக்கும்.

அளவும் வெட்டும்

பழைய பலகையை அப்படியே வைத்துக் கோடு போடாதீர்கள். அதன் ஓரம் ஈரத்தில் ஊதியிருக்கும், துளைகள் நீள்வட்டமாக நைந்திருக்கும், யாரோ இடையில் அறுத்த இடமும் சேர்ந்திருக்கும். பழையதை வைத்துக் கெட்டி அட்டையில் ஒரு வார்ப்பு (அளவு மாதிரி) வெட்டி, அதை விமானத்துக்குள் வைத்துப் பார்த்துத் திருத்தி, பிறகு பிளைவுட்டில் வரையுங்கள். வார்ப்பில் ‘மேல்’, ‘முன்’, ‘இடது’ என்று பெரிதாக எழுதுங்கள். குறுக்குக் குழாய்களின் நடுக்கோடும் அதில் வர வேண்டும். ஸ்க்ரூத் துளைகள் அந்தக் கோட்டைக் கணக்கிட்டே விழும்.

மேல் அடுக்கின் நார் ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்குப் பாலமாக ஓட வேண்டும். நாரைக் குழாய்க்கு இணையாகப் போட்டால் அதே தடிமனில் பலகை தொய்யும்.

குழாயோரம் 2 மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்டிக், கேபிள், பெடல் கை என அசையும் பாகங்களுக்கு அவற்றின் முழு ஓட்டத்திலும் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுவது எங்கள் வழக்கம். பிளவு வெட்டும் இடங்களில் உள் மூலையைக் கூராக விடாமல் முதலில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, துளையிலிருந்து துளைக்கு அறுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் தொடங்கும். கோட்டைக் கத்தியால் கீறி, மேலே டேப் ஒட்டி, நுண்பல் ரம்பத்தால் அறுத்தால் மேல் அடுக்கு பிய்யாது. மலையிலேயே கடைசி மில்லிமீட்டர் வரை வெட்டிவிட வேண்டாம். ஓரத்தில் 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, பலகையைக் கீழே ஹேங்கரில் நாலைந்து நாள் வைத்து, அங்கே இழைத்துச் சரிசெய்து, பொருத்திப் பார்த்த பிறகே பூச்சு.

பூச்சு

எபாக்சி வார்னிஷ்தான் இதற்கு ஏற்றது. பக்கத்தில் டோப் பட்டாலும் கரையாது. முதல் கோட் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்கு மெலிதாக்கி மரம் குடிக்கும் வரை கொடுங்கள். மொத்தம் மூன்று கோட், இடையில் 320 நம்பர் உப்புத்தாள். மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்துக்கு ஒன்றோடு நிறுத்தினால் இரண்டு முகமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கி, பலகை சில மாதத்தில் கிண்ணம்போல் குழியும். விளிம்புக்கு இரண்டு கோட் கூடுதல். துளைகளை முதலில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றின் உட்சுவரிலும் பஞ்சுக் குச்சியால் வார்னிஷ் தடவுங்கள். பழைய பலகைகள் அழுகத் தொடங்கியிருப்பது கிட்டத்தட்ட எப்போதும் ஸ்க்ரூத் துளையிலிருந்துதான்.

மேற்பரப்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். 15 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை 13-ஐத் தாண்டிவிடும். அன்று பூச்சு கிடையாது. மலையில் அடிப்பதானால் காலை 11-க்கும் மாலை 3-க்கும் நடுவில் அடித்து, இரவுக்கு அறையைச் சூடாக வையுங்கள். குளிரில் எபாக்சி இறுகாமல் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். அடுத்த கோட்டுக்கு முன் அதை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போடாவிட்டால் மேல் கோட் உரிந்து வரும்.

பொருத்துதல்

குழாயில் துளை போடக் கூடாது. ஒரே ஒரு ஸ்க்ரூவுக்காகக்கூட. பலகையைப் பிடிப்பது குழாயைச் சுற்றிய கிளாம்ப் அல்லது ஏற்கெனவே குழாயில் பற்றவைத்த காது (சிறு தகடு). எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 4.3 மில்லிமீட்டர் துளை, பத்தாம் நம்பருக்கு 5. தட்டைத் தலை ஸ்க்ரூவுக்காக 5 மில்லிமீட்டர் பலகையில் குழி பறித்தால் பிடிமானத்துக்கு மரமே மிஞ்சாது. அகலத் தலையுள்ள ஏ.என். 526 (விமானப் பாகங்களின் தர எண்) போடுங்கள், மரத்தின் பக்கம் ஏ.என். 970 அகல வாஷர். நட்டு ஏ.என். 365 பூட்டு நட்டு. பழைய பூட்டு நட்டு விரலாலேயே முழுக்கத் திரும்பிவிட்டால் அதன் பிடி போய்விட்டது, குப்பையில் போடுங்கள். ஸ்க்ரூவின் மரை நட்டுக்கு வெளியே ஒன்றாவது தெரிய வேண்டும். அதே சமயம் மூன்று நான்கு மரை நீட்டிக்கொண்டிருந்தால் அது கேபிளையோ துணியையோ உரசும். வாஷர் மரத்தில் புதையத் தொடங்கும் முன் இறுக்குவதை நிறுத்துங்கள்.

சத்தம் வராமலிருக்கக் குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் கம்பளித் துணியோ ஃபெல்ட்டோ வைப்பார்கள். மலைக் காற்றுப் படும் விமானத்தில் அது ஈரத்தைப் பிடித்துக் குழாயோடு சேர்த்து வைக்கும் வேலையைச் செய்கிறது. வழவழப்பான பிளாஸ்டிக் டேப் போதும். தரைவிரிப்புக்கும் இதே எச்சரிக்கை. தீப்பிடிக்காத ரகம் என்ற சான்றோடு வந்தால்கூட, போடாமல் விடுவதே மேல். குதிகால் படும் இடத்துக்கு அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடும், ஏறும் இடத்துக்குச் சொரசொரப்பு டேப்பும் போட்டால் மரம் தேயாது.

மூடும் முன்னும் பின்னும்

கருவித் தாளை எண்ணுங்கள். டார்ச் அடித்து அடிப்பகுதி முழுவதும் பார்த்து, காந்தக் கோலும் வேக்குவமும் ஓட்டுங்கள். மூடிய பிறகு ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து, குதிகாலை அழுத்தி ஊன்றியபடி ஸ்டிக்கை நான்கு மூலைக்கும், ரடரை இரு கடைசிக்கும் கொண்டுபோக வேண்டும். இன்னொருவர் காதை வைத்துக் கேட்க வேண்டும். ஆள் இல்லாத விமானத்தில் எல்லாம் சீராகத்தான் போகும். 80 கிலோ ஏறிப் பலகை நெகிழும்போதுதான் உரசல் வெளிப்படும். பிரேக்கை மிதித்து விட்டால் மிதி தானே திரும்பி வருகிறதா, பலகையின் விளிம்பில் மாட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பேனாவையும் ஒரு நாணயத்தையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடுக்கிலும் விட்டுப் பாருங்கள். உள்ளே போகும் இடம் எதுவும் மிஞ்சக்கூடாது. விமானி பையிலிருந்து நழுவிய ஒரு பேனா புல்லிக்கும் கேபிளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் பறக்கும்போது அதை எடுக்க வழி இல்லை. ஸ்டிக் பிளவுக்குத் தோல் உறை மாட்டுங்கள். வெறும் திறப்பாக விடாதீர்கள்.

பழைய பலகையையும் புதியதையும் தனித்தனியே நிறுத்து எழுதி ஏ.எம்.இ.யிடம் கொடுங்கள், எடைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று அவர் சொல்வார். பழையது ஈரம் குடித்திருக்கும் என்பதால் அதன் எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பதிவேட்டில் மரத்தின் ரகம், தடிமன், சான்றிதழ் எண், வார்னிஷின் பெயர் வரை எழுதச் சொல்லுங்கள். முதல் பத்து மணி நேரம் பறந்ததும் எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், புது மரம் வாஷருக்கு அடியில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். முதல் பெருமழைக்குப் பிறகு வடிகால் துளைகளையும்.